பானை அவருக்கு, செடி எனக்கு

எங்கள் கடையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தனி ஆள் கிடையாது. காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் ஊற்றிவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. யார் முதலில் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? கேட்டால் "ஊத்திட்டேன் சார்" என்று சொல்ல வேண்டுமே என்று வருகிற ஒவ்வொருவரும் ஒரு சொம்பு ஊற்றினார்கள். கடைசியாக முதலாளி வருவார். அவருக்குத் தன் ஆட்கள்மேல் நம்பிக்கை கிடையாது. அவரும் ஒரு சொம்பு ஊற்றுவார்.

நான் ஆரணியில் அந்தப் பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டனின்னா செடி கொடிதானம்மா? நம்ம புடவையிலயும் கொடி டிசைன் நெறய இருக்குது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கேஷில் இருந்தவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் படிப்பைப் பற்றி அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, செடி வந்த பிறகும்கூட.

செடி வந்தது கடையைப் பெரிதாக்கியபோது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி, கூரையில் வரிசையாக விளக்கு, எல்லாம் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கல்யாணப் புடவை வாங்க வருகிறவர்களுக்காக. முதலாளி எதைச் செய்தாலும் ஒரு வாஸ்துக்காரரைக் கேட்டுத்தான் செய்வார். கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதுவரை அந்த மனிதரின் முடிவு. தங்க நிறத்தில் காய்க்கிற மரம் ஒன்று நுழைந்ததும் கண்ணில் பட வேண்டும் என்று அவர் சொன்னார். உடனே சென்னை நர்சரி ஒன்றிலிருந்து ஒரு சீன ஆரஞ்சு மரம் வந்து இறங்கியது. இடுப்பளவு உயரம், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பழங்கள் கிளை முழுக்க. வெள்ளைப் பீங்கான் பானை, அதில் தங்கக் கோட்டில் யானைகள். மண் தெரியக் கூடாது என்று மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருந்தது. வாஸ்துக்காரர் ஒரு சிவப்புக் கயிற்றை மந்திரம் சொல்லி ஒரு கிளையில் இறுக்கிக் கட்டினார். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பலன் என்று நினைத்தாரோ என்னவோ.

வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் பழத்தைப் பறித்துக் கடித்துவிட்டுக் கூழாங்கல்மேல் துப்பின. குடித்து மீந்த காபியை அதில் ஊற்றிய மாப்பிள்ளை வீட்டார் உண்டு. தினமும் காலையில் சாம்பிராணிப் புகை. இலை பளபளக்க வேண்டும் என்று வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கவும் சொன்னார் முதலாளி. புதுப் பெண்ணுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்தார்கள். வெயிலை மட்டும் காட்டவில்லை.

முதலில் இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுவில் எல்லாம் மஞ்சளாகவும் ஆனது. அதைப் பார்த்து, "தங்கக் கலர் வருது பாரு" என்று கேஷ்காரர் முதலாளியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். முதலாளியும் தலையாட்டினார். பிறகு பழம் உதிர்ந்தது, அதன்பின் இலை. பச்சையாக இருக்கிற இலையும் தொட்டால் விழுந்தது.

ஒருநாள் வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில் கூழாங்கற்களை விலக்கி மண்ணில் விரலை விட்டேன். சேறு. விரலை முகர்ந்தால் சாக்கடை நாற்றம். பானையைச் சாய்த்து அடியில் தடவினேன். வழவழவென்று இருந்தது, ஒரு ஓட்டை இல்லை. நர்சரிக்காரர் செடியைப் பிளாஸ்டிக் தொட்டியோடு அப்படியே பீங்கானுக்குள் இறக்கியிருந்தார். ஊற்றின தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேயே நின்றது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"சார், செடிக்குத் தண்ணி அதிகமாகுது. பானையில ஓட்டை இல்ல. வேரு அழுகுது. வெளியில படிக்கட்டுல வெயில்ல வெச்சா பொழைக்கும்."

"வெளியில வெச்சா தூக்கிகினு போயிடுவானுங்கம்மா. அதுவும் இல்லாம இலை வாடி இருக்குதே, தண்ணி பத்தாமதான வாடும்?"

"வேரு அழுகினாலும் வாடும் சார். வேர் இல்லன்னா தண்ணிய எது குடிக்கும்?"

"நீ போய் அந்த மெரூன் புடவையெல்லாம் மடிச்சு வை" என்றார். மறுநாள் முதல் மாலையிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

கோடை வந்தபோது செடியில் இலை என்று சொல்ல மேலே கொஞ்சம்தான் இருந்தது. வாஸ்துக்காரர் வந்தார், பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். "பட்டுக் கடையில பட்டுப்போன மரம் இருக்கலாமா சார்? சாயங்காலத்துக்குள்ள ஜல்தியா வெளியேத்திடுங்க" என்றார். தன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்துவிட்டதில் அவருக்கே பெருமை. இன்னொரு முறையும் சொன்னார்.

பெருக்குகிற அம்மாவிடம் குப்பை வண்டியில் போடச் சொன்னார் முதலாளி. நான் குறுக்கே போய், "நான் எடுத்துகினு போறேன் சார்" என்றேன்.

"செத்ததை வெச்சுகினு இன்னா பண்ணுவ? சரி, எடுத்துகினு போ. பானை மட்டும் இங்கியே இருக்கட்டும்."

பிளாஸ்டிக் தொட்டியோடு வெளியே இழுத்தபோது பீங்கானுக்குள் பாதிக்குமேல் கறுப்புத் தண்ணீர். ஏசி அறை முழுக்க நாறியது. புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எழுந்துபோனது. அந்தப் பழியும் செடிமேல்தான் விழுந்தது. கல்யாணப் புடவை போட்டுக் கொடுக்கிற கட்டைப்பை ஒன்றில் அதை வைத்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலையில் அதே பானையில் பிளாஸ்டிக் ஆரஞ்சு மரம் ஒன்று நின்றிருந்தது. அதற்கும் யாரோ ஒரு சொம்பு ஊற்றியிருந்தார்கள்.

வீட்டில் எனக்கு மாலை மரியாதை எதுவும் காத்திருக்கவில்லை. மாமியார் கட்டைப்பையை எட்டிப் பார்த்து, "கடையில செத்ததையெல்லாம் வூட்டுக்குத் தூக்கிகினு வர்றா" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. அதையும் மீறிக் கேட்கும்படி பேச அவரால் முடியும். என் கணவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். எங்கள் கடை பார்சலும் எப்போதாவது அவருக்கு வரும். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஓனருக்குத் தெரியுமா?"

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து செடியைப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து உருவினேன். வேர்கள் கறுத்திருந்தன. விரலால் உருவினால் தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் நின்றது. மண்ணையெல்லாம் அலசிவிட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்தில் கைப்பிடி அளவுக்கு வெளிர்மஞ்சள் வேர் இருந்தது. இழுத்தால் கழலாத வேர். அழுகினதை எல்லாம் கத்தரித்தேன்.

வேரை முடித்து மேலே தண்டுக்கு வந்தேன். அது இரண்டு கிளையாகப் பிரிந்திருந்தது. மந்திரித்த கயிறு கட்டின கிளை, கயிற்றுக்கு மேலே முழுக்கக் காய்ந்துவிட்டிருந்தது. கயிறு பட்டைக்குள் புதைந்து கிடந்தது. கழுத்தை நெரித்துவிட்டுக் காப்பு என்று பெயர் வைத்திருக்கிறார் மனிதர். இன்னொரு கிளையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்தது. படித்ததெல்லாம் பொய்யில்லை என்று யாரோ வந்து சொன்னமாதிரி இருந்தது.

காய்ந்த கிளையை அடியோடு வெட்டினேன். உயிருள்ள கிளையையும் பாதியாகக் குறைத்தேன். கைப்பிடி வேரால் அதற்குமேல் தாங்க முடியாது. பிறகு எங்கள் வீட்டில் இருந்த பழைய பெயிண்ட் டப்பா ஒன்றின் அடியில் ஆணியைச் சுட்டு நிறைய ஓட்டை போட்டேன். செம்மண், அதே அளவு ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய எரு. அவ்வளவுதான்.

"பெரிய தொட்டியில வெச்சாதான வளரும்?" என்றார் கணவர்.

"கொஞ்சம் வேருக்குக் கொஞ்சம் மண்ணு போதும். அதிகமா இருந்தா ஈரம் நிக்கும்."

"யூடியூப்ல பெருசா வெக்கணும்னு சொல்றாங்களே."

அந்த யூடியூப் மேதையைப் பிறகு நானும் பார்த்தேன். வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயத் தோல் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, சாகக் கிடக்கிற செடியின் தலையில் ஊற்றுகிறார். ஊற்றும்போது ஒரு செடி, காய்க்கும்போது வேறொரு செடி. பின்னால் இருக்கிற சுவரே வேறு. லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள்.

என்னுடைய வைத்தியத்தில் பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை. நிழலில் வைத்தேன். மண்ணில் விரலைப் பாதி விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பிறகு காலை வெயில் மட்டும். உரம் இல்லை. சும்மா விடுவதுதான் வைத்தியம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. நான் கடைக்குப் போனதும் மாமியார் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவார். மண் வெளுத்திருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

"அத்தை, ஊத்தாதீங்க. அது இன்னும் குடிக்கற நெலமையில இல்ல."

"நோயாளிக்குக் கஞ்சி ஊத்தறது தப்பா? இன்னாடி படிச்சிருக்க நீ?"

மறுநாள் முதல் டப்பாவைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏற்றி, மதிய வெயில் படாமல் ஒரு சாக்கை மறைப்பாகக் கட்டி வைத்தேன். மாமியாருக்கு மூட்டு வலி, ஏணி ஏற மாட்டார்.

ஆடி மாதம் செடியில் துளிர் வந்தது. இரண்டு இடத்தில். மேலே என் கிளையில் அரிசி அளவுக்கு ஒன்று, பிறகு பொடிப்பொடியாகக் கரும்பச்சை இலைகள். கீழே தண்டின் அடியில் இன்னொன்று. அது வந்த வேகத்தைப் பார்த்தால் பயமாக இருந்தது. சாட்டைபோல நீண்டு, பெரிய பெரிய இலை விட்டு, ஒவ்வொரு இலையடியிலும் ஊசிமுள்ளோடு மேலே இருந்த கிளையைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டில் திருவிழா. மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்து பார்த்தார். தன் கஞ்சித் தண்ணீரின் பலன் என்றார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். ஆரஞ்சு வகைகளை நர்சரியில் அப்படியே வளர்ப்பதில்லை. காட்டு எலுமிச்சைக் கன்றை வளர்த்து, அதன் தண்டில் ஆரஞ்சை ஒட்டுப் போடுவார்கள். கீழே வேர் ஒன்றினுடையது, மேலே கிளை இன்னொன்றினுடையது. மேலே இருப்பது நோயில் சோர்ந்துபோனால் கீழே இருப்பது கிளம்பிவிடும். ஒட்டுப் போட்ட இடத்தில் தண்டு முட்டிபோலத் தடித்திருக்கும். இந்த முள்கொம்பு அந்த முட்டிக்குக் கீழே இருந்து வந்திருந்தது. விட்டுவைத்தால் வேர் கொடுப்பதையெல்லாம் அதுவே தின்றுவிட்டு ஆரஞ்சைக் கொன்றுவிடும்.

நான் கத்திரியோடு ஏறுவதற்குள் கணவர் போனை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டிருந்தார். அந்த முள்கொம்பு நன்றாகத் தெரிகிறமாதிரி நான்கைந்து போட்டோ. "உங்க செடி சார், சூப்பரா வந்துகினு இருக்குது" என்று எழுதி முதலாளிக்கு அனுப்பியும் விட்டார். அனுப்பிய பிறகுதான் என்னிடம் சொன்னார். பார்சல் வேலை நிரந்தரமாகக் கிடைக்கும் என்ற கணக்கு.

ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டு வியாபாரம் படுத்துவிடும். எல்லா வருஷமும் படுப்பதுதான். ஆனால் இந்த வருஷம் வாஸ்துக்காரர் காரணம் கண்டுபிடித்திருந்தார்: உயிருள்ள லட்சுமியை வெளியே அனுப்பிவிட்டுப் பிளாஸ்டிக்கை வைத்ததுதான். அந்த நேரம் பார்த்து என் கணவரின் போட்டோ போய் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை காலையில வந்து எடுத்துகினு போறேன், ரெடியா வை" என்று முதலாளி என்னிடம் கடையிலேயே சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

அன்று இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுபடியும் அந்தக் கண்ணாடிக்குள், அந்தக் குளிரில், ஆளுக்கு ஒரு சொம்பு. கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் வேலை? குப்பையில் போடச் சொன்ன பொருளுக்கு ஒருத்தி இவ்வளவு தவிப்பாளா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் சந்தேகம் இருக்கவில்லை. எங்கே போனாலும் அந்த முள்கொம்போடு போனால் ஆரஞ்சு சாகும். விடிந்ததும் ஏறி, அதை அடியோடு அறுத்து எறிந்தேன்.

கீழே விழுந்த கொம்பைப் பார்த்து மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். "பாவி, நல்லா இருக்கறத வெட்டிட்டு நோஞ்சான வெச்சுகினு நிக்கறாளே!" கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். கூடவே வாஸ்துக்காரர், தூக்குவதற்குக் கடை ஆட்கள் இரண்டு பேர். எங்கள் மாடிப்படி குறுகல். மூச்சு வாங்க மேலே வந்து நின்று சுற்றிப் பார்த்தார். பெயிண்ட் டப்பாவைத் தொட்டிமேலிருந்து இறக்கி நான் முன்னால் வைத்திருந்தேன். அதைத் தாண்டித்தான் நடந்தார்.

"எங்கம்மா செடி?"

"இதோ சார்."

குனிந்து பார்த்தார். ஒரு மொட்டைத் தண்டு, ஒரு வளைந்த கிளை, அதில் கொத்தாகச் சின்ன இலைகள். போனை எடுத்து என் கணவர் அனுப்பிய படத்தை நீட்டினார்.

"இது எங்க?"

"அது உங்க செடி இல்ல சார். வேர்ல இருந்து வந்த காட்டு எலுமிச்ச. வெட்டிட்டேன். இதுதான் உங்க ஆரஞ்சு."

"நல்லா இருந்தத வெட்டிட்டியா? யாராவது வெட்டுவாங்களா?"

வாஸ்துக்காரர் டப்பாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். போனில் இருந்த இலையையும் டப்பாவில் இருந்த இலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நகை சோதிக்கிறவர்போல நிமிர்ந்து, "சார், எலையே வேற. இது வேற செடி" என்றார்.

வாழ்க்கையில் அவர் சரியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அதையும் தலைகீழாகப் புரிந்துகொண்டார்.

"செடிய மாத்திட்டியா?" என்றார் முதலாளி.

"மாத்தி இன்னா சார் பண்ணப் போறேன்?"

அவர் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததைக் கடை ஆளை விட்டுத் தூக்கச் சொன்னார். கெட்டுப்போன ஏர்கூலர் ஒன்று இருந்தது. அதன் மூடியையும் திறந்து பார்த்தார். பட்டு வேட்டி கட்டின ஒரு மனிதர், ஊரில் நாலு பேர் கும்பிடுகிற மனிதர், என் வீட்டு உடைந்த கூலருக்குள் ஆரஞ்சு மரத்தைத் தேடினார். என் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கீழேயிருந்து காபி கொண்டுவந்த மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"எம்மருமக திருடி இல்லீங்க. புத்தி கொஞ்சம் கம்மி, அதான் வெட்டிட்டா. இந்தாங்க, காபி சாப்பிடுங்க."

நான் அவருக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலாளி காபியைக் குடிக்கவில்லை. டப்பாவை இன்னொரு தடவை பார்த்தார். "இத எடுத்துகினு போய் ஷோரூம்ல வெச்சா சிரிப்பானுங்க. நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கார் போன பிறகு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செடி பிழைத்தது என்ற நிம்மதி ஒரு பக்கம். இவ்வளவு பாடுபட்டு நான் எழுப்பி நிறுத்தினதை அசிங்கம் என்று விட்டுவிட்டுப் போகிறாரே என்ற கோபம் இன்னொரு பக்கம். அந்தக் கோபம்தான் அதிகமாக இருந்தது. பிடுங்கிக்கொண்டு போவாரோ என்று பயந்தவளுக்கு, வேண்டாம் என்றதும் ரோஷம் வந்ததை என்ன சொல்வது.

"நீ ரெண்டு நாளு பொறுத்திருந்தா இன்னா?" என்றார் கணவர். நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பட்டுப் பிரிவிலிருந்து கீழ்த்தளத்தில் உள்பாவாடை, லைனிங் துணிப் பிரிவுக்கு மாற்றினார். அது எனக்குத் தண்டனை என்று கடையில் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே ஏசி கிடையாது, ஜன்னல் உண்டு. உள்பாவாடை வாங்க வருகிறவர்கள் கலர் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு புடவைக்காக அலமாரி முழுக்க இறக்கச் சொல்லி, கடைசியில் வேறு கடையைப் பார்க்கிறோம் என்று எழுந்துபோகிற சம்பந்தி வீட்டார் அங்கே கிடையாது. என் கணவருக்குப் பார்சல் வேலை நிரந்தரமாகவில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

செடி அவசரப்படவில்லை. அந்த வருஷம் முழுக்க இலை மட்டும் விட்டது. கீழே இன்னும் இரண்டு தடவை முள்துளிர் தலைகாட்டியது, கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். தைக்குப் பிறகு ஒரு மண்தொட்டிக்கு மாற்றி, கொஞ்சம் எரு வைத்தேன். மாசியில் பூ. மாடி முழுக்க வாசனை. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுப் பெண் யார் சென்ட் அடித்தது என்று கேட்டாள். பூவில் பெரும்பாதி உதிர்ந்துபோனது, மீதி பிஞ்சானது, மழைக்காலம் போகும்போது பழுத்தது. பாதித் தொட்டியைக்கூட மூடாத அந்தச் சின்ன மரத்தில் பத்துப் பதினைந்து பழம் தொங்கியது.

முதல் பழத்தைக் கணவர் உரித்தார். தோலைக் கீழே போட்டுவிட்டுச் சுளையை வாயில் போட்டார். முகம் அஷ்டகோணலாகிக் கைப்பிடிச் சுவருக்கு ஓடித் துப்பினார்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? புளி தேவலாம்."

மாமியாரும் ஒரு சுளையை நாக்கில் வைத்துப் பார்த்து, ஊறுகாய்க்கு ஆகும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தப் பழத்தில் இனிப்பு இருப்பது தோலில். சுளையோடு சேர்த்துக் கடிக்க வேண்டும். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர்கள் இருவரும் ஏற்கெனவே அதைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பழத்தைப் பறித்துப் புடவைத் தலைப்பில் துடைத்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.